பைக்குள் ஒரு குடித்தனம்

தாம்பரம் பக்கம் வீடு வீடாகப் போய் கரப்பான்பூச்சிக்கு மருந்து அடிப்பது என் தொழில். கம்பெனியில் பயிற்சி வகுப்புக்குப் போகச் சொன்னபோது கடுப்பாக இருந்தது. எனக்கே பாடமா? வகுப்பு எடுத்தவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். “மருந்தை அப்புறம் எடுங்க. முதல்ல டார்ச் அடிச்சு, பூச்சி எங்கேருந்து வருதுன்னு பாருங்க.” மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததால் அவரை மன்னித்தேன்.

மறுநாள் பொழிச்சலூரில் ஒரு டீச்சரம்மா வீடு. மாதாமாதம் போகிற வீடுதான்.

“நீங்க வந்துட்டுப் போனாதான் சார் கரப்பான் வருது. போன மாசம் வந்ததையெல்லாம் நானே துடைப்பத்தால அடிச்சேன். கான்ட்ராக்டை நிறுத்திடலாம்னு இருக்கேன்.”

சரி, படித்ததைக் காட்டுவோம் என்று டார்ச்சை எடுத்தேன். சிங்க் அடியில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கதவுக் கீல் வரைக்கும் முட்டி போட்டுத் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

“மேடம், உங்க வீடு சுத்தமா இருக்கு” என்று பெருமையாகத் திரும்பினேன். டார்ச் வெளிச்சம் தரையில் இருந்த என் பை மேல் விழுந்தது. என்றைக்கோ பாதி தின்றுவிட்டுப் பக்கவாட்டு ஜிப்பில் செருகிய பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து, ஒரு குடும்பமே இறங்கி அவர் சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தது.

டீச்சரம்மா திட்டவில்லை. “சார், உங்க வீட்டுக்கு யாரு மருந்து அடிக்கிறாங்க?” என்று நிஜமான அக்கறையோடு கேட்டார்.

கான்ட்ராக்ட் இன்னும் ஓடுகிறது. மாதாமாதம் அவர் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று, முதலில் என் பைக்கு டார்ச் அடிக்கிறேன். அவர் ஜன்னலில் இருந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் உள்ளே போகிறேன்.