நான் அடைத்த துளைகள்

எழுபதுகளின் நடுவில், சிவில் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு படித்தபோது, பாலக்காட்டிலிருந்து பயிற்சிக்காக மூணாறு பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்குப் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், மண் சரியாமலிருக்கக் கருங்கல் சுவர் கட்டியிருந்தார்கள். சூப்பர்வைசர் லீவில் போன ஒரு வாரம் அங்கே நான்தான் எஞ்சினியர்.

லயத்திலிருந்து முத்துப்பேச்சி வந்தாள். "சார், சுவத்து ஓட்டை வழியா சேத்துத் தண்ணி வந்து அடுப்படிக்குள்ள பாயுது. கொஞ்சம் அடைச்சுக் குடுங்களேன்."

அதுவரை என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. கொத்தனார் தயங்கினார். நான் அதட்டி, எல்லாத் துளைகளையும் சிமென்டால் அடைக்க வைத்தேன். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேறத்தான் அந்தத் துளைகள் என்று பரீட்சையில் படம் போட்டு எழுதியவன் நான்.

நான்கு நாள் விடாமல் பெய்த மழையில் சுவர் சரிந்தது. முத்துப்பேச்சியின் புருஷனுக்குக் கால் நசுங்கிவிட்டது.

விசாரிக்க வந்த அதிகாரி, துளைகளை அடைத்தது யார் என்று கேட்டார். கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாங்கதான் சார். தண்ணி வருதுன்னு நாங்களே அடைச்சுட்டோம்" என்றாள் முத்துப்பேச்சி. "அந்தத் தம்பி படிக்கிற புள்ள. அதைப் பிடிச்சு ஒண்ணும் கேக்காதீங்க."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மறு வருடம் வாய்மொழித் தேர்வில், அப்படிப்பட்ட துளைகளை அடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். சுவர் விழும் என்றேன். முழு மதிப்பெண் போட்டார்கள். யார் மேல் விழும் என்று அவர்கள் கேட்கவில்லை.