இடப்பக்கம் காணாமல் போன காலை

எண்பதுகளின் கடைசியில், பனி கொட்டிய ஒரு மாரிகாலத்தில் நடந்தது இது. சூரிச்சுக்குப் பக்கத்தில் டீட்டிகோன் என்ற ஊரில் அப்போது குடியிருந்தோம். நான், என் கணவர், நாலு வயது மகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அடைக்கலம் கேட்டு, கணவருக்கு ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை கிடைத்து, குடும்பம் கொஞ்சம் மூச்சு விட்ட காலம்.

எனக்கு மட்டும் உண்மையிலேயே மூச்சு விட முடியவில்லை. அவ்வளவு பருமன். மகள் பிறந்த பிறகு உடம்பு ஊதிக்கொண்டே போனது. வீட்டுப் படியேறும்போது பாதியில் நின்று, யாராவது வந்தால் சாவியைத் தேடுவது போலப் பாசாங்கு செய்வேன். ரத்த அழுத்தம் ஏறியது, முழங்கால் வீங்கியது. பத்தியச் சாப்பாடு, நடை எல்லாம் செய்து பார்த்தும் பலிக்காமல், கடைசியில் வயிற்றைச் சின்னதாக்கும் ஒப்பரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். இரைப்பையின் மேல்பக்கத்தில் தையல் போட்டு ஒரு சின்னப் பை மாதிரி ஆக்கிவிடுவார்கள். நாலு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். எங்கள் ஆட்களில் யாரும் அதுவரை கேள்விப்படாத சங்கதி. நான் பிடிவாதக்காரி, செய்தே தீருவேன் என்று நின்று செய்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரும் அப்படியே, ஒவ்வொரு மிடறாக, ஆனால் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கணவர் அதைத் தமிழில் சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அக்கா காத்திருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த எங்கள் ஊர்க்காரர். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்குப் போகுமுன் எனக்குச் சமைத்து வைத்துவிட்டு, மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டுப் போவார். பெற்ற தாய் அருகில் இல்லாத அந்த நாட்டில் எனக்கு அந்த இடத்தில் நின்றவர் அவர்தான். வந்ததும் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையணைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

"பிள்ளை, வெட்டின வயிறு. தண்ணியைக் கனக்கக் குடிச்சியெண்டால் ஊதிப்போகும். மூண்டு பிள்ளை பெத்தவள் சொல்லுறன், கேள்."

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் காப்பார்கள். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் வறுத்து அரைத்த சரக்குக் கறி கொடுப்பார்கள். தலையில் துணி கட்டுவார்கள். தண்ணீரைக் குறைப்பார்கள். குடித்தால் வயிறு பழையபடி பெரிதாகிவிடும் என்ற பயம். வயிற்றில் கத்தி பட்ட எவளும் அக்காவுக்குப் பிள்ளை பெற்றவள்தான். எனக்கோ 'ஊதிப்போகும்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. வயிறு ஊதாமல் இருக்கத்தானே இவ்வளவு பாடும்? டாக்டர் வெள்ளைக்காரர், எங்கள் உடம்பு அவருக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். காலையில் ஒரு சின்னத் தம்ளர், மாலையில் இன்னொன்று. அதையும் அக்கா சூடாக்கித்தான் தருவார்.

ஒற்றைத் தலையிடி எனக்குப் பழைய சொத்து. முன்பெல்லாம் எப்போதாவது வரும், அறையை இருட்டாக்கிப் படுத்தால் போய்விடும். ஒப்பரேஷனுக்குப் பிறகு அது குடியிருக்கவே வந்துவிட்டது. முதலில் வாரத்தில் ஒரு தரம் வந்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். ஜன்னலுக்கு வெளியே கிடந்த பனியில் வெயில் பட்டால் கண்ணுக்குள் ஊசி இறங்கும். மல்லி வறுக்கும் மணத்துக்குக் குமட்டும். வாந்தி எடுத்தால் உள்ளே போட்ட தையல் பிரிந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

உடம்பு மெலிந்ததைப் பார்க்க வந்தவர்களின் கண்ணூறுதான் காரணம் என்று அக்கா முடிவு கட்டினார். செத்தல் மிளகாயையும் உப்பையும் என் தலையைச் சுற்றி எடுத்து, மின்சார அடுப்பில் சட்டி வைத்து அதில் போட்டார். அந்தப் புகையில் என் தலை இரண்டாகப் பிளந்தது. கீழ்வீட்டுக்காரி தீப்பிடித்துவிட்டது என்று கதவைத் தட்டினாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அழுதேன்.

கணவர் சமையலறை வேலை முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் என் அருகில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "இஞ்சேரும், தலைக்குள்ளை ஏதும் கட்டியோ, இல்லாட்டி இந்த வெட்டாலையோ தெரியேல்லை. டொக்டரிட்டைப் போய் வெட்டினதைத் திருப்பிப் பழையபடி ஆக்கச் சொல்லுவம்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கும் கிலி பிடித்தது. என் பிள்ளைக்குத் தலை இழுக்க நான் இருக்க மாட்டேனோ என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னை விடவில்லை.

தலையிடியைப் பற்றிக் கேட்கவென்று சூரிச் ஆஸ்பத்திரியில் நேரம் எடுத்தோம். அந்த நாளில் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அவர் வேலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதாக ஏற்பாடு. அக்காவும் வேலைக்குப் போய்விட்டார். மகளைக் கூட்டிக்கொண்டு நான் தனியாகப் புறப்பட்டேன். ரத்தம் எடுப்பார்களோ என்னவோ என்று காலையிலிருந்து ஒரு சொட்டும் வாயில் வைக்கவில்லை.

நல்ல வெயில். தண்டவாளத்துக்கு இரு பக்கமும் குவித்திருந்த பனி வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. மகளுக்குச் சிவப்புக் குளிர்ச்சட்டை போட்டு, என் இடக்கையில் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றேன். அப்போதுதான் கண்ணுக்குள் உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி ஒரு கோடு மினுங்கத் தொடங்கியது. இது வரும், போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று அது வளர்ந்தது. வளர்ந்து வளர்ந்து இடப்பக்கம் முழுவதையும் தின்றுவிட்டது. ரயில் நிலையத்து மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தேன். அதில் பாதிதான் இருந்தது.

குனிந்து மகளைப் பார்த்தேன். மகள் இல்லை.

என் இடக்கை மரத்துப்போயிருந்தது. அதில் பிள்ளையின் கை இருக்கிறதா என்று என்னால் உணர முடியவில்லை. திரும்பினேன். அங்கும் இல்லை. இன்னும் திரும்பினேன். நான் எவ்வளவு திரும்பினாலும் அந்த இல்லாத பக்கம் என்கூடவே திரும்பியது. கூப்பிட வாயைத் திறந்தேன். பெற்று வளர்த்து வாய் ஓயாமல் கூப்பிட்ட பெயர், நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ஏதோ ஊளை மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அதைக் கேட்டு மகள் எங்கேயோ அழத் தொடங்கினாள். அவள் அழுகை மட்டும் கேட்கிறது, ஆளைக் காணவில்லை. தண்டவாளத்தில் விழுந்துவிட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன். நிற்காத விரைவு ரயில் ஒன்று வருவதாக ஒலிபெருக்கி சொன்னது காதில் விழுந்தது. நான் அழுகை கேட்ட பக்கம் என்று நினைத்து, விளிம்பை நோக்கிக் காலை வைத்தேன்.

யாரோ பின்னாலிருந்து என் மேற்கோட்டின் பட்டியைப் பிடித்து இழுத்தார்கள். நான் பின்புறமாக விழுந்தேன். அதே கணம் ரயில் முகத்தில் காற்றை அறைந்துகொண்டு போனது. அதன் இரைச்சல் அடங்கியபோது, என் காதருகில் மகளின் குரல்.

"அம்மா, நான் இஞ்சைதானே நிக்கிறன். உங்கடை கோட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். ஏன் என்னைப் பாக்கிறீங்கள் இல்லை?"

அவள் ஒரு அடிகூட நகரவில்லை. நான் சுற்றியபோதெல்லாம் என் கோட்டைப் பிடித்தபடி என் இடப்பக்கமாகவே சுற்றியிருக்கிறாள். நான் விளிம்பை நோக்கிப் போனபோதும் விடவில்லை. என்னை இழுத்த கை கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

இழுத்தவள் அந்த மேடையில் பத்திரிகையும் சிகரெட்டும் விற்கும் சின்னக் கடைக்காரி. என் வயதுதான் இருக்கும். என்னை அணைத்துக் கொண்டுபோய்த் தன் கடைக்குள் ஒரு பெட்டியின்மேல் இருத்தினாள். ஆட்கள் வரிசையில் நிற்க நிற்கக் கடையின் இரும்புத் திரையை இழுத்து மூடினாள். அந்த நாட்டில் வியாபார நேரத்தில் கடையை மூடுவது சின்ன விஷயமில்லை. விளக்கை அணைத்தாள். தன் கழுத்துத் துணியால் என் கண்களை மூடினாள். பிறகு துணியைக் கொஞ்சம் விலக்கி, திரையின் இடுக்கில் வந்த வெளிச்சத்தில் தன் முகத்தின் பாதியைக் கையால் மறைத்துக் காட்டி, தன் நெற்றியையும் தொட்டுக் காட்டினாள். அவளுக்கும் இது வருமாம். எனக்கு அழுகை பொங்கியது. என் தலைக்குள் நடப்பது இந்த உலகத்தில் இன்னொருத்திக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து வாயருகில் வைத்தாள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். பேச்சு வராவிட்டாலும் பத்தியம் மட்டும் மறக்கவில்லை பாருங்கள்! அவள் மறுபடி நீட்டினாள். நான் தட்டிவிட்டேன். தண்ணீர் அவள் மடியில் சிந்தியது. அப்போது மகள் குறுக்கே புகுந்தாள். முற்றத்தில் சுவிஸ் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய டொச்சு என்கிற ஜெர்மன் மொழியில், அம்மா தண்ணீர் குடிக்கக்கூடாது, குடித்தால் அம்மாவுக்கு வயிறு வெடித்துவிடும் என்று விளக்கம் கொடுத்தாள். கடைக்காரி என் காய்ந்து வெடித்த உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. மகளிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். மகள் என் காதில் அதை அப்படியே தமிழாக்கினாள்.

"அம்மா, குடிச்சாத்தான் என்னைக் காண்பீங்களாம்."

குடித்தேன். ஒரு மிடறு, பிறகு இன்னொன்று. அவள் குவளையைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாதே என்று என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அம்புலன்ஸ் வந்து என்னை ஏற்றும்போது, என் கண்ணின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரியத் தொடங்கியது. மகளின் குளிர்ச்சட்டை.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். தலையைப் படம் பிடித்தார்கள். கட்டி ஒன்றும் இல்லை. கணவர் வந்து சேர்ந்ததும், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று டாக்டர் கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு லீட்டரா என்று டாக்டர் கேட்க, இரண்டு சின்னத் தம்ளர் என்று கணவர் சொன்னார். டாக்டர் ஏசவில்லை. உடம்பு வேகமாக இளைக்கிறது, சாப்பாடு கோழி கொத்துகிற அளவு, அதோடு தண்ணீரும் இல்லையென்றால் ஏற்கெனவே இருந்த தலையிடி கூத்தாடாமல் என்ன செய்யும் என்ற கருத்தில் பொறுமையாக விளக்கினார்.

வேலை முடிந்து அக்கா ஓடிவந்தார், கையில் சுடுதண்ணீர்ப் போத்தல் நிறைய, மல்லியும் மிளகும் போட்டுக் காய்ச்சிய சரக்குத் தண்ணீருடன். எனக்குக் கோபம் வந்தது. பாதி அவர்மேல், பாதி என்மேல். கணவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, கொண்டுவந்ததைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினார். குழாயில் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"குடி பிள்ளை. ஆசையிலைதான் செய்தனான், உன்னைக் கொல்லப் பாத்திட்டன்."

என் கோபம் அந்தத் தண்ணீரோடு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அக்காவின் முதல் கேள்வி "தண்ணி குடிச்சியோ?" என்பதாகிவிட்டது. அஞ்சல்காரரைக்கூட விடவில்லை.

தலையிடி அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றும் வருகிறது. ஆனால் வரும் வழி தெரியும். கைப்பையில் தண்ணீர் இருக்கும், நேரம் தவறாமல் நாலு வாய் சாப்பிடுவேன், பனியில் வெயில் அடித்தால் கறுப்புக் கண்ணாடி போடுவேன். குணமான பிறகு வடை சுட்டுக்கொண்டு அந்தக் கடைக்காரியிடம் போனேன். ஒன்றைக் கடித்துவிட்டு, உறைப்புத் தாங்காமல் இந்த முறை அவள் தண்ணீர் கேட்டாள். இருவரும் சிரித்தோம்.

மகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் காலை அவளுக்குச் சரியாக நினைவில்லையாம். ஆனாலும் தெருவில் என்னோடு நடக்கும்போது, நான் எந்தப் பக்கம் மாறினாலும், அவள் பேச்சை நிறுத்தாமலே சுற்றி வந்து என் வலப்பக்கம் நின்றுகொள்வாள். நான் அவளைக் காணாமல் தவித்த அந்தக் கொஞ்ச நேரத்தை, அவள் ஆயுள் முழுக்க எனக்குத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறாள் என்றுதான் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும்.