அக்கா என்றால் தண்ணீர்

மெல்பேர்னில் ஓர் இத்தாலிய விதவையின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். கப்பலில் சமையல் வேலை பார்த்து வந்து இறங்கியவன் நான். பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போனதில்லை. முதல் நாள் அவரை “அக்கா” என்று கூப்பிட்டேன். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி தண்ணீர். அவர்கள் பாஷையில் தண்ணீருக்கும் ஏறக்குறைய அந்தச் சத்தம்தானாம். கூடப்பிறந்த மூத்தவளை அழைக்கிற சொல் என்று ஒருவாறு விளங்கவைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. எந்த வருஷம் என்று கேட்டால் குழம்பிவிடுவேன்.

அக்காவுக்கு ஒரு தங்கை. சினிமாவில் சேர ரோமுக்கு ஓடிப்போனவள். அவள் பெயரையே வீட்டில் சொல்லக்கூடாது என்று தகப்பன் தடுத்துவிட்டார். பிறகு அக்காவைப் போட்டோவில் பார்த்த ஒருவருக்குக் கட்டிவைத்து, ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனைத் தியேட்டரில் இத்தாலியப் படம் போடுவார்கள். அதில் வருகிற ஒரு நடிகைதான் தன் தங்கையோ என்று அக்காவுக்குச் சந்தேகம். பெயர் வேறு, சினிமாவுக்குப் போனால் பெயரை மாற்றுவார்கள்தானே. முகம் அவள்தான், குரல் அவள் இல்லை என்பார். துணைக்கு நானும் போவேன்.

படங்கள் முன்னுக்குப் பின்னாக வந்து சேரும். ஒரு கிழமை அவள் நரைத்த தாய், அடுத்த கிழமை ஆடு மேய்க்கும் குமரி, பிறகு சீமாட்டி. கிழவியாகி, செத்து, அதன்பிறகு குமரியானவள் என்றுதான் இன்றைக்கும் என் மனதில் நிற்கிறாள்.

ஒரு நாள் குசினியில், அடுப்புப் பக்கமாக இருந்து பால் விடாத கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ். ஞாபகத்தில் எல்லாம் தமிழாகத்தான் வருகிறது.

“குரல் எப்பிடி மாறும்? நீ உலகம் சுத்தினனிதானே, சொல்லு.”

“எங்கட படத்திலை பாடுறது வேற ஆள், அக்கா. நடிக்கிறவ வாயைத்தான் அசைப்பா.”

“பாட்டு சரி. பேச்சு?”

“பேச்சையும் வேற ஆள் பேசினால் ஆருக்குத் தெரியும்?”

சும்மா சொன்னதுதான். அக்கா கோப்பியை அப்படியே வைத்துவிட்டுத் தியேட்டர்காரரிடம் போனார். அவர் சிரித்தாராம். “எங்கட படங்களிலை கனபேருக்கு வேற ஆள்தான் பேசுறது. இவ்வளவு நாளாத் தெரியாதோ?”

அடுத்த ஞாயிறு, இரண்டு காதிலும் விரலை விட்டபடி முழுப்படமும் பார்த்தார். விளக்குப் போட்ட பிறகும் விரலை எடுக்கவில்லை. “அக்கா” என்றேன். கேட்கவில்லை. தோளைத் தொட்டேன்.

“அவதானோ?”

“படத்துக்காரியின்ட குரலை எடுத்துப்போட்டு, தங்கச்சியின்ட குரலை வைச்சுப் பாப்பம் எண்டு நினைச்சன். தேடினால் படத்துக் குரல்தான் வருகுது. அவளின்டது வருகுதில்லை.”



“அடுத்த கிழமையும் அவவின்ட படம்தான்” என்றேன்.

“அதிலை குமரியோ, கிழவியோ?”

“தெரியாது, அக்கா.”

“அப்ப வந்து பாப்பம்” என்று எழும்பினார்.