பின்புறமும் உடைய கோலம்: கோலா கெடாவில் ஒரு பகல்

ஜப்பானியர் ஆட்சியின் இரண்டாம் ஆண்டு, மாசித் திங்கள். சுங்கை பட்டாணிப் பேருந்து நிலையக் கடிகாரம் எட்டு மணி காட்டியது. அது தோக்கியோ நேரம்; எங்கள் கதிரவனுக்கு ஆறரைதான். கரிப்புகையால் இயங்கும் பேருந்தில் அலோர் ஸ்டார் வரை முப்பத்தைந்து கல். தலைக்கு ஒன்றரை வெள்ளி. உடன் வந்தவள் என் தங்கை காமாட்சி, மெர்போக் தோட்டத்தில் காடழித்துக் கிழங்கு நடுபவள். அவள் மடியில் ஒரு நீலத் துணி.

அதற்கொரு காரணமுண்டு. கோலா கெடா மீன்கிடங்கு மேலாளரின் மனைவியான ஜப்பானிய அம்மையார் தையற்கூடம் தொடங்கியிருந்தார். கோகின் எனும் தம் நாட்டுத் தையலைத் தோட்டத்துப் பெண்களுக்கும் காட்டிச் சென்றார். துணியின் இழைகளை ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் எண்ணி, வெள்ளை நூலால் சாய்சதுரங்கள் வளர்க்கும் கலை அது. புதிய வடிவம் அமைத்து வருபவருக்கு வேலை, வாரந்தோறும் அரிசி. காமாட்சியின் இரு மக்களும் சோறு கண்டு மூன்று திங்களாயின.

ஏழு புள்ளியில் தொடங்கி ஒன்றில் முடியும் கோலமொன்றை அவள் தைத்திருந்தாள். கண்டதும் என் உள்ளம் துள்ளியது. நம் கோலமும் ஒற்றைப்படையன்றோ!

குரூண் ஏற்றத்தில் வண்டி நின்றது. “வாத்தியாரே, எறங்கி தள்ளுங்க லா. கரி ஈரம்,” என்றார் ஓட்டுநர்.

“எங்கண்ணன் எலக்கணத்தத்தான் தள்ளுவாரு,” என்றாள் காமாட்சி. வண்டியே சிரித்தது. நானும் தள்ளினேன்.

அலோர் ஸ்டாரிலிருந்து ஆற்றுவழியே படகு. நண்பகலில் கோலா கெடாக் கழிமுகத்தை அடைந்தோம். அம்மையார் துணியை வாங்கியதும் திருப்பினார். பின்புறமெங்கும் முடிச்சும் குறுக்கு நூலும். புள்ளிகளை முதலில் தைத்துவிட்டு, அவற்றைச் சுற்றிக் கோடு இழுத்ததன் விளைவு. “பெலாக்காங் தாக் பாகுஸ்,” என்றார் மலாயில். பின்புறம் நன்றாயில்லை என்பது பொருள். முன்னே நூல் மறையும் இடத்தில் பின்னே தோன்றவேண்டும். பின்புறமும் ஒரு வடிவமே என விளக்கி, மாலைப் படகு வரை காலம் தந்தார்.

“கோலத்துக்கு ஏதுண்ணே பின்பக்கம்? தரைக்கு அடியில போயி யாரு பாத்தா?” என்று வெகுண்டாள் தங்கை. பின், படகுத்துறை மணலில் கோலத்தை விரலால் வரைந்து உற்று நோக்கினாள். திடீரெனத் துள்ளினாள்.

“சுத்தி வரக் கூடாதுண்ணே! பாய் முடையற மாதிரி, எடமிருந்து வலம், வரி வரியா போவணும். நீங்க எண்ணுங்க!”

அவள் பழைய தையலைப் பிரித்துப் புதிதாய்த் தைக்க, நான் இழை எண்ணினேன். “ஒன்று, மூன்று, நான்கு…”

“நாலா? தமிழ் வாத்தியாருக்கு இன்னிக்கிக் கஞ்சி கூட கெடையாது!”

வரி வரியாய்த் தைத்ததில் கோலத்தின் கோடுகள் மறைந்தன, புள்ளிகள் மணிமணியாய் எழுந்து சதுரமாய்க் கூடின. அவள் அறியாமலே வேறொரு வடிவம் பிறந்தது! கைகொட்டி ஆர்ப்பரித்தேன், மீனவர் திரும்பிப் பார்த்தனர்.

அம்மையார் மீண்டும் பின்புறத்தையே முதலில் நோக்கினார். நெடுநேரம் விரலால் தடவினார். அவர்தம் வடிவங்களுக்கெல்லாம் அவரை, வாதுமை என எளிய பொருள்களின் பெயர்களாம். இதன் பெயர் என்னவென்று வினவினார்.

காமாட்சி தயங்கவில்லை. “நாசி,” என்றாள். மலாயில் சோறு.

அம்மையார் முதலில் நகைத்தார்; பின் நகை அடங்கி, முகம் கனிந்தது. உள்ளே சென்று, முதல் வாரத்து அரிசியைத் தம் கையாலேயே கொணர்ந்து தந்தார்.

ஐந்து மணிப் படகில் நான் மட்டும் ஏறினேன். காமாட்சிக்கு வேலை அன்றே தொடங்கிற்று. அவள் மக்களுக்கான அரிசி என் தோளில் மெர்போக் நோக்கி வந்தது. நம் வாயில்களில் அரிசியைச் செலவிட்டுக் கோலம் இடுவர். கோலத்தைச் செலவிட்டு அரிசி பெற்றவளை அன்றுதான் கண்டேன்.