முனியாண்டியை டிரஸ்ஸராக்கப் பார்த்த கதை

வாத்தியார் வேலையில் பாடம் சொல்லிக் கொடுப்பதுதான் சுலபமான பகுதி. "படிச்சு முடிச்சு என்னடா ஆகப் போறே?" என்று கேட்டுவிட்டு, வருகிற பதிலைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். என்னைப் போலச் சாக்கட்டித் தூளைத் தின்று தொண்டை கட்டிப்போன சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில், ஈப்போ டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வாத்தியாராக இருந்தேன். வகுப்பில் பாதி டவுன் பையன்கள். மீதிப் பேர் கோப்பெங் பக்கத்துக் கித்தாத் தோட்டங்களிலிருந்து, அதாவது ரப்பர் தோட்டங்களிலிருந்து, வந்து விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஏழாவது தேறி நாலு வார்த்தை இங்கிலீஷும் பேசினால் ஏதாவது ஓர் உத்தியோகத்தில் நுழையலாம் என்ற காலம் அது. பாதிரியார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "பரீட்சைக்கு மட்டும் தயார் பண்ணினா போதாது, வேலைக்கும் தயார் பண்ணும்" என்றார். அன்று பிடித்தது சனி.

நாக்கை நீட்டச் சொல்கிறவர்

முதல் வேலையாக வகுப்பில் ஒவ்வொருவனையும் எழுப்பிக் கேட்டேன். தோட்டத்துப் பையன்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "கிராணி" என்றார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற உத்தியோகம். ஏன் என்று கேட்டால், மழை பெய்யும்போது கிராணி மட்டும்தான் கூரைக்குக் கீழே இருப்பாராம். ரயில்வே லைன் பக்கத்தில் குடியிருந்த செபஸ்தியான் என்பவன் மட்டும் கார்டு ஆகப் போகிறேன் என்றான். கொடியும் விசிலும் கையில் இருந்தால் வண்டியே நம் சொல் கேட்கும் என்பது அவன் கட்சி.

கடைசி பெஞ்சில் முனியாண்டி எழுந்தான். பதினைந்து வயது, மெலிந்த உடம்பு, காதில் விழாத குரல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் ஆக வேண்டும் என்றான். அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். போன வருஷம் காய்ச்சல் வந்தபோது தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனானாம். அங்கே தோட்டத்துத் துரையும் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருந்தாராம். வகுப்பில் மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "எல்லாரும் துரைக்குப் பயப்படுறாங்க சார். அவரையே நாக்க நீட்டுங்கன்னு சொன்னவரு டிரஸ்ஸர் ஒருத்தருதான்" என்றான்.

ஒற்றை நாற்காலி

உத்தியோகத்தில் இருக்கிறவரே வந்து நாலு வார்த்தை பேசினால் பையன்களுக்கு ஊக்கம் பிறக்கும் என்று எனக்கு ஒரு யோசனை. முனியாண்டியின் தோட்டத்துப் பெரிய கிராணியையே அழைத்தேன். மத்தியான வெயிலில் கோட்டு, தொப்பி, கழுத்துப்பட்டி சகிதம் வந்து இறங்கினார். பையன்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

பேச ஆரம்பித்தவர், தூக்கம் கெட்டுப் போனது, துரை எறிந்த பேனா, கண் மங்கிப் போனது, மாமியார் வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காதது என்று ஒரு மணி நேரம் புலம்பித் தீர்த்தார். எப்படிப் படிக்க வேண்டும், எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. வாசல் வரை கொண்டுபோய் விட்டபோது கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டேன். மனுஷர் ஒளிக்காமல் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். தோட்டத்துக்கு ஒரு நாற்காலிதான் இருக்கு. அதுல நான் உக்காந்திருக்கேன். வேணும்னா ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்ன டிரஸ்ஸர் எடுக்கப் போறாங்க, மழை விட்டதும் துரை ஆள் பாப்பாரு. அதுக்கு யாரையாச்சும் அனுப்புங்க."

ஒரே ஒரு வாட்டி

அந்தச் சனிக்கிழமையே சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். முனியாண்டியின் அப்பா வீரப்பன் பால்மரம் வெட்டுகிறவர். ஸ்டோரில் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு, ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எத்தனை சொல்லியும் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே நானும் நின்றுகொண்டே பேசினேன்.

விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதில் பேர் இருந்தால்தான் தோட்டத்தில் மனிதன். லயத்தில் வீடும் அதை வைத்துத்தான். தைப்பூசம் கழிந்ததும் பையன் பேரைப் பெரட்டில் கொடுக்கிறேன் என்று வீரப்பன் கங்காணியிடம் சொல்லி வைத்திருந்தார். ஊரிலிருந்து அவரைக் கப்பலேற்றிக் கூட்டிவந்த கங்காணி அவர். அவரிடம் சொன்ன சொல்லை மாற்றுவது லேசுப்பட்ட காரியமா? ஆஸ்பத்திரி வேலையும் இதே தோட்டத்தில்தான், பையன் எங்கேயும் போகமாட்டான் என்று தலைகீழாக நின்று சொன்னேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார். "நீங்க இவ்வளவு தூரம் வந்துட்டீங்க வாத்தியாரய்யா. ஒரே ஒரு வாட்டி துரை முன்னால நிப்பாட்டிப் பாப்போம். அவரு வேணாம்னா பெரட்டுதான், அப்புறம் நீங்க வரப்படாது."

காயமில்லாத கட்டுகள்

சம்மதம் கிடைத்த செய்தியைச் சொன்னதிலிருந்து முனியாண்டி தரையில் நடக்கவில்லை. என் பழைய வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பட்டை பட்டையாகக் கிழித்தான். விடுதியில் அகப்பட்டவன் கை, கால், தலை எல்லாவற்றிலும் கட்டுப் போட்டுப் பழகினான். உண்மையாகவே நல்ல கட்டு, அவிழ்ந்து விழாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வந்த பையன்களைப் பார்த்துவிட்டுப் பாதிரியார் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "என்ன வாத்தியாரே, விடுதியில அடிதடியா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே?"

சுவர்ப் பல்லி

அடுத்தது பேட்டிப் பயிற்சி. நான் துரையாக மேஜைக்குப் பின்னால் உட்காருவேன். பையன்கள் ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். டவுன் பையன்கள் வந்தார்கள். தோட்டத்துப் பையன்கள் கதவோடு நின்றுவிட்டார்கள். துரை எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கிச் சாக்கடைக் கான் ஓரமாக ஒதுங்கி, குனிந்து நிற்க வேண்டும் என்று நடை பழகும்போதே பழக்கியிருக்கிறார்கள். மேஜைக்குப் பின்னால் நான்தான் இருக்கிறேன் என்று தெரிந்தும் கால் வரமாட்டேன் என்கிறது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இப்போது யோசித்தால், அந்தப் பையன்கள்மேல் இல்லை.

முனியாண்டிக்குப் பதில்கள் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. காய்ச்சல்காரனுக்கு முதலில் என்ன செய்வாய், புண்ணை எப்படிக் கழுவுவாய், எதைக் கேட்டாலும் இங்கிலீஷிலேயே சொல்வான். ஆனால் கரும்பலகையைப் பார்த்துச் சொல்வான். வாரக்கணக்கில் போராடினேன். ஒரு நாள் தலையை நிமிர்த்தி, என் முகத்துக்கு நேரே, தங்குதடை இல்லாமல் பதில் சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற செபஸ்தியான் அதைக் கெடுத்தான். "சார், அவன் உங்களப் பாக்கல. உங்க தலைக்கு மேல சொவத்துல ஒரு பல்லி இருக்கு, அதுகிட்டதான் பேசுறான்."

நல்ல பையன்

பல்லியிலிருந்து என் முகத்துக்கு அவன் பார்வையை இறக்க இன்னும் கொஞ்சநாள் பிடித்தது. ஆனால் இறங்கியது. மழையும் விட்டது. துரை வரச் சொன்ன நாளில் செபஸ்தியானே தன் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றி முனியாண்டிக்கு மாட்டிவிட்டான். அளவு சரியாக இருந்தது. நானும் முனியாண்டியுமாகக் கோப்பெங் வரை வண்டியில் போய், அங்கிருந்து தோட்டத்துக்கு நடந்தோம். 

ஆபீஸ் வராந்தாவில் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய கிராணி பக்கத்தில் நின்றார். என்னைப் படிக்குக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். முனியாண்டி ஏறினான். கதவோடு நிற்கவில்லை, நேரே போய் நின்றான். பேர் கேட்டார், சொன்னான். எதுவரை படித்தாய் என்றார், சொன்னான். புண்ணைக் கழுவுவது எப்படி என்றார், துரையின் முகத்தைப் பார்த்து இங்கிலீஷில் அழகாகச் சொன்னான். துரை புருவத்தை உயர்த்திக் கிராணியைப் பார்த்தார். கிராணி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.  வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வேலைக்காட்டிலிருந்து வீரப்பன் வந்து சேர்ந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முற்றத்து ஓரத்தில் நின்றார். துரையின் வராந்தாவில், துரைக்கு எதிரே, சப்பாத்துக் காலோடு தன் மகன் நிற்பதைப் பார்த்ததும் மனுஷருக்கு உயிரே போய்விட்டது. "டேய் முனியாண்டி! காலு! கழட்டுடா!" என்று அடித்தொண்டையில் அதட்டினார். அது எல்லோருக்கும் கேட்டது.

முனியாண்டி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு இறுகிக்கொண்டு அவிழவில்லை. துரை காத்திருந்தார். ஒருவழியாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எழுந்தவன் வேறு பையன். தலை கவிழ்ந்துவிட்டது, கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன. காய்ச்சல்காரன் வந்தால் என்ன செய்வாய் என்று துரை கேட்டார். அவன் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய பதில். "துவான்" என்றான். மலாய் மொழியில் 'ஐயா' என்று அர்த்தம், அவ்வளவுதான். மறுபடி கேட்டார். மறுபடியும் "துவான்" என்றான். நான் ஒரு படி ஏறி வாயைத் திறந்தேன். கிராணி கண்ணாலேயே என்னை நிறுத்தினார். துரைக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே, தோட்டத்தில் கற்ற தமிழில், முற்றத்துக்கும் கேட்கும்படி சொன்னார்: "நல்ல பையன். மரியாதை தெரிஞ்ச பையன். கங்காணி கிட்ட சொல்லு, நாளைக்குப் பெரட்டுக்கு வரட்டும்."

ஆஸ்பத்திரி வேலை வேறு யாருக்கோ போயிற்று. வெளியே வந்த முனியாண்டி சப்பாத்தில் பட்டிருந்த செம்மண்ணைச் சட்டை முனையால் துடைத்து, "செபஸ்தியான்கிட்ட குடுத்துடுங்க சார்" என்று என்னிடம் நீட்டினான். அவன் அழவில்லை, எனக்குத்தான் அழுகை வந்தது. வீரப்பனிடம் நாலு வார்த்தை கடுமையாகக் கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினேன். அந்த மனுஷர் அதுவரை என் பக்கத்தில் உட்காரக்கூட மறுத்தவர். அன்று என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இந்தத் தோட்டத்துல இத்தனை வருசமா இருக்கேன் வாத்தியாரய்யா, துரை வாயால ஒருத்தனையும் நல்லவன்னு சொல்லிக் கேட்டதில்ல. எம்புள்ளையச் சொல்லிட்டாரு. எல்லாம் நீங்க குடுத்த படிப்பு, நீங்க நல்லா இருக்கணும்."

பையன்களை வேலைக்குத் தயார் செய்த அத்தனை வருஷத்தில், பெற்றவர் ஒருவர் என்னை மனதார வாழ்த்தியது நான் அடியோடு தோற்றுப்போன அந்த ஒரு நாளில்தான்.