சீதேவி ஒத்துக்கொண்ட குற்றம்

மாங்கேணியில் சீதேவியிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் இல்லை. கருவாடு காயவைக்கும் வாடிக்கு லொறியோடு வரும் கொழும்பு முதலாளியையே நேருக்கு நேர் மடக்குகிற மனுசி. புருஷன் அழகரத்தினம் நெல்லுச் சூடடிக்கப் போகிறேன் என்று உன்னிச்சைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அதற்குப் பிறகு ஒற்றைப் பிள்ளை தனோஜனை உப்பிலும் வெயிலிலும் நின்று ஆளாக்கியவள் அவள். அப்படிப்பட்டவள் ஒரு கிழமையாக வாசல் படலையைத் திறக்காமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தாள் என்றால், வெட்கம் அவளை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தனோஜன் கட்டாரில் ஏசி வேலை செய்துவிட்டு வந்தவன். வந்தாறுமூலையில் மேனுகாவைக் கட்டினான். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விட்டான். சம்மந்தி உதயரூபன் கந்தோர் ஒன்றில் கிளாக்கர், எதையும் நிதானமாகக் கதைக்கிற ஆள். கலியாணம் முடிந்த கையோடு புதுசுகள் இரண்டும் மலேசியாவுக்குப் புறப்பட்டன. மேனுகா வேறு இடம் சொல்லியும், மலேசியாதான் என்று ஒற்றைக்காலில் நின்றவன் தனோஜன். கட்டாரில் கூட இருந்த கூட்டாளி அங்கே இருக்கிறான் என்று காரணம் சொன்னான்.

கோலாலம்பூர் ஹோட்டலில் அவன் குளிக்கப் போன நேரம், மேனுகா அவனுடைய சூட்கேஸைத் திறந்தாள். மேலே அவன் இடுப்பில் கட்டுவது போலவே இரண்டு சாரம். அதைத் தூக்கினால் ஒரு பொம்பிளையின் நைட்டி. அதற்கடியில் நாலு வயதுப் பெண் பிள்ளைக்கு அளவான சட்டைகள், ரிபன், குட்டிச் செருப்பு.

குளித்துவிட்டு வந்தவன் எட்டிப் பார்த்து, இது நம்மட பெட்டி இல்லையே என்று சிரித்திருக்கிறான். பாவி, அந்தச் சிரிப்புத்தான் அவனுக்கு வினையாகப் போனது. ஓட்டமாவடிக் கடையில் வாங்கிய அதே கறுப்புப் பெட்டி. கைப்பிடியில் அடையாளத்துக்கு மேனுகாவின் தாய் கட்டிவிட்ட சிவப்புத் துணியும் இருக்கிறது. விமானக்காரர் ஒட்டிய துண்டை மாப்பிள்ளை இறங்கிய உடனேயே பிய்த்து எறிந்துவிட்டான். எல்லாவற்றையும் விட, பூட்டு அவர்களுடைய நம்பருக்கே திறந்திருக்கிறது. அந்த இரகசிய நம்பர் என்ன தெரியுமா? மூன்று சைபர். கடையில் வாங்கும்போது இருந்தது, மாற்ற யாருக்கும் பொறுமை இல்லை. ஊரில் பாதிப் பெட்டிகள் அந்த நம்பருக்குத்தான் திறக்கும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

படங்கள் வட்ஸ்அப்பில் வந்தாறுமூலைக்கு வந்து சேர்ந்தன. மேனுகாவின் தாயும் பெரியம்மாவும் சேர்ந்து விசாரணையைத் தொடங்கினார்கள். சட்டையைப் போனில் பெருப்பித்துப் பார்த்துப் பிள்ளையின் வயதைத் தீர்மானித்தார்கள். பிள்ளைக்கு நாலு, தனோஜன் கட்டாருக்குப் போய் ஐந்து வருஷம், கணக்குச் சரி. மலேசியாவில் இருப்பது கூட்டாளியாம், நல்ல கூட்டாளி! உதயரூபன் மட்டும் அவசரப்படவில்லை. பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாங்கேணிக்கு வந்தார்.

சீதேவி வாடியில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டு நின்றாள். சம்மந்தி போனை நீட்டி, மகனுடைய பெட்டிக்குள் இதெல்லாம் இருந்ததாம் என்று மெதுவாகத்தான் தொடங்கினார். அவள் அந்தச் சட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கேள்விக்கு வந்து சேருவதற்குள், இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டாள்.

"மன்னிச்சிக் கொள்ளுங்க சம்மந்தி. தகப்பன்ட புத்திதான் அவனுக்கும் வந்திரிக்கி. உங்கட புள்ளைட வாழ்க்கைய நாங்கதான் நாசமாக்கிப் போட்டம்."

அதோடு விட்டாளா? அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது, கொண்டுவந்து தந்தால் தானே வளர்க்கிறேன் என்றாள். பிள்ளைக்கு என்ன பெயராம் என்றுகூடக் கேட்டாள். உதயரூபன் நீட்டிய போனை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டார். அப்படி ஒன்றும் இருக்காது என்று அவள் வாயால் கேட்டுவிட்டுப் போகத்தான் மனுசன் அவ்வளவு தூரம் வந்தார். வாடியில் நின்ற பொம்பிளைகள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தாயே ஒத்துக்கொண்டா என்ற செய்தி மலேசியாவுக்குப் போனது. அதுவரை அரை மனதோடு இருந்த மேனுகா, தனியே ஊர் திரும்புவதற்கு டிக்கட்டை மாற்றச் சொன்னாள். தனோஜன் என்னென்னவோ சொல்லிக் கெஞ்சிப் பார்த்தான். உங்களைப் பெத்தவவே சொல்லிட்டா, இனி ஆரிட்டப் போய்க் கேக்கிற என்று அவள் கேட்டுவிட்டாள்.

அடுத்த நாள் விமானக் கம்பனி மூலமாக நம்பர் தேடி ஏறாவூர் றிஸான் போன் எடுத்தான். அதே விமானத்தில் மனைவி ஷாகிராவோடும் மகளோடும் போனவன். அவனும் அடையாளத்துக்குச் சிவப்புத் துணிதான் கட்டியிருந்தானாம், அவன் கொண்டுபோன பெட்டியும் மூன்று சைபருக்குத் திறந்திருக்கிறது. உள்ளே மேனுகாவுக்குத் தெரியாமல் தனோஜன் வாங்கி ஒளித்து வைத்திருந்த புதுச்சேலையைக் கண்டு, இது எந்தப் பொம்பிளைக்கு என்று ஷாகிரா அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாளாம். பெட்டியை மாற்ற வந்த இடத்தில் நாலு பேரும் வயிறு நோகச் சிரித்து, ஒன்றாகப் புரியாணியும் சாப்பிட்டார்கள். மேனுகா அழுது மன்னிப்புக் கேட்டாள், தனோஜனும் மன்னித்துவிட்டான்.

உதயரூபன்தான் சீதேவிக்குச் சந்தோஷமாகப் போன் எடுத்துச் சொன்னார். கேட்டதும், என்ட புள்ள நல்லவன் என்று அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி போனை வைக்கும்வரைதான் இருந்தது. நேற்று வந்த பெண்ணுக்குக்கூட அரை மனதுச் சந்தேகம்தான். சம்மந்தி கேட்டுப் பார்க்கத்தான் வந்தார். விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னது பெற்றவள் ஒருத்திதான். சீ, நானும் ஒரு தாயா என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

மகனின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது, அவள் எடுக்கவில்லை. வாடிக்குப் போனால், "சீதேவியக்கா, பேத்தி எப்பகா வாறா?" என்று ஒருத்தி பகிடி விட்டாள். வேறு நாளென்றால் அவளுக்கு நல்ல மறுமொழி கிடைத்திருக்கும். அன்றைக்குச் சீதேவி வீட்டுக்கு வந்து படலையைச் சாத்திக்கொண்டாள்.

ஊர் திரும்பிய சோடி மாங்கேணிக்கு வந்தது. மேனுகா மாமி மாமி என்று கையைப் பிடித்துக்கொண்டு தன் பிழையைச் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டாள். சீதேவிக்கு அது இன்னும் கூசியது. மருமகள் மலேசியாவில் எடுத்த படங்களைக் காட்டப் பக்கத்து வீட்டுக்குப் போனதும், தாயும் மகனும் தனித்தார்கள். சீதேவி சோறும் நண்டுக் கறியும் போட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றாள்.

"ஏன்மா போன் எடுக்கல்ல?"

"என்ன முகத்தோட மனே உன்னோட கதைக்கிற?"

அவன் சோற்றைக் குழைத்தான், ஆனால் வாயில் வைக்கவில்லை.

"அவங்க சொல்லட்டும், அவங்க புதுசா வந்த சனம். நீங்க என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. இல்லை எண்டு சொல்லியிருப்பன்தானே."

"உன்ட அப்பாட்டக் கேட்டனான் மனே," என்றாள் சீதேவி. "அவரிட பைக்குள்ளயும் சின்னச் சட்டை கிடந்தது. இல்லை எண்டுதான் அவரும் சொன்னவர். கோயில்ல சத்தியமும் பண்ணினவர். நான் நம்பினன். ஊரே சிரிச்ச பிறகுதான் எனக்குத் தெரிஞ்ச."

தனோஜன் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. கோபமாகத்தான் வந்திருந்தான், அந்தக் கோபத்தை இப்போது எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான் அப்பா இல்லம்மா," என்றான் கடைசியில். "இனி என்னைப் பத்தி ஆரும் வந்து கேட்டா, முதல்ல இல்லை எண்டு சொல்லுங்க. மறுகா என்னட்டக் கேளுங்க."

சீதேவி தலையை மட்டும் ஆட்டினாள். அவன் சாப்பிட்டு எழும்பும்வரை அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.