கதைக்கு ஒட்டிய முப்பத்திரண்டு லேபிள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். அதில் நடவுக்கும் அறுப்புக்கும் போன நாட்களைக் கழித்தால் மூன்று வகுப்பு தேறும். எழுத்து கோணும், ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன், எது முந்தி எது பிந்தி என்பதும் மறந்துபோகும். இருந்தாலும் எங்கள் கதைக் குழுவில் லேபிள் ஒட்டியதைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டும். படித்தவர்கள் எல்லோரும் லேபிள் எழுதுவதில் மும்முரமாக இருப்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

குழு என்றால் போனில் இருக்கிற குழு. பாகூர் பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் பாண்டிக்கு ஒரே பஸ்ஸில் போன பெண்கள் நாங்கள். நான் அபிஷேகப்பாக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடச் சமையலறைக்குப் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் கதை பறக்கும். நான் டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பேனே தவிர, வாயைத் திறந்ததில்லை. கொரோனாவில் பஸ் நின்றபோது, ரிட்டயர் ஆன டீச்சரம்மா ஒருவர் போனில் குழு ஆரம்பித்தார். அவருடைய வில்லியனூர்ச் சொந்தங்களும் வந்து சேர்ந்தார்கள். சனிக்கிழமை காலையில் கதையை வாயால் பேசி அனுப்ப வேண்டும். கேட்டவர்கள் 'உம்' என்று ஒரு சத்தம் அனுப்ப வேண்டும். அதுதான் வழக்கம். போனில் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதால் நானும் கதை சொல்ல ஆரம்பித்தேன்.

எல்லோருக்கும் முந்தி 'உம்' அனுப்புகிறவர் பூரணாங்குப்பத்து மீன்காரம்மா. அவரும் எங்கள் பஸ்ஸில் வந்தவர்தான், தவளக்குப்பம் கூட்ரோட்டில் மீன் விற்கிறார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர் வரவில்லை. அதற்குப் பிறகு டிவி பார்ப்பதில்லை, கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை. கடை விரித்ததும் போனைத் தார்ப்பாய் மேல் வைத்து, விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு மீன் ஆய உட்காருவார். கதை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடும். ஒருநாள் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "வாயைத் தொறந்தா அளுவ வருதுக்கா. காதைத் தொறந்து வெச்சிக்கினா பொழுது போவுது."

லேபிள் வந்தது ஒரு பேய்க் கதையால். யாரோ வீட்டில் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி பக்கத்தில் இருக்கும்போது அது சத்தமாக ஓடிவிட்டதாம். அவள் மாமியார் குழுவுக்குள் வந்து சாமியாடிவிட்டுப் போனார். சரி, பேய் வந்தால் 'பேய்' என்று கதைக்கு முன்னால் எழுதிவிடலாம் என்று டீச்சரம்மா சொன்னார். நியாயம்தான். அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

அடுத்த வாரம் 'மாமியார் கொடுமை' என்று ஒரு லேபிள். அன்றைக்கே ஒரு மாமியார் கொதித்தார். "அப்போ மருமவ கொடுமைன்னும் ஒண்ணு போடுங்க டீச்சரம்மா. நாங்க மட்டும் இன்னா தக்காளித் தொக்கா?" போட்டார்கள். புரட்டாசி பிறந்தது. கருவாட்டுக் குழம்பு வரும் கதையைக் கேட்டு விரதம் கெட்டுப்போயிற்று என்று ஒருத்தி புகார் சொல்ல, 'கவிச்சி' என்று ஒரு லேபிள். "புரட்டாசி முச்சூடும் எனக்கு இன்னா லேபிள் ஒட்டப்போறீங்க?" என்று கேட்டார் மீன்காரம்மா. குழுவில் நல்ல கேள்விகளுக்கு மட்டும் எப்போதும் டவர் கிடைக்காது.

டீச்சரம்மாவுக்குப் பட்டியல் என்றால் உயிர். "பட்டும் படாம எழுதக் கூடாது. வகை, உள்வகை ரெண்டும் வேணும்," என்றார். சாவு என்று எழுதினால் போதாது, யார் சாவு, எத்தனை வயது, நோயா விபத்தா என்று எழுத வேண்டும். அழுகை என்றால் ஒருத்தர் அழுவதா, பலர் அழுவதா? வில்லியனூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் காணாமல் போன ஆட்டைப் பற்றிக் கதை சொன்னார். கதை நாலு நிமிஷம். மேலே எழுதியிருந்த லேபிளை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு ஆறு நிமிஷம் ஆயிற்று: ஆடு, காணாமல் போதல், தேடுதல், ஒருவர் அழுகை, பக்கத்து வீட்டாரோடு வாய்ச்சண்டை, ஆடு சாகாது. ஆடு சாகாது என்று தெரிந்த பிறகு அது எங்கே போனால் எங்களுக்கென்ன? அந்தக் கதைக்கு விழுந்த 'உம்' மொத்தம் மூன்று. ஒன்று ஆட்டுக்காரம்மாவின் மகளுடையது.

அந்தச் சமயத்தில்தான் மீன்காரம்மா பேசி அனுப்பினார். குழுவில் அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். "கடலுக்குப் போனவங்க திரும்பி வராத கதைன்னா முன்னாடியே சொல்லிடுங்கம்மா. நான் நவுந்துக்கிறேன்."

டீச்சரம்மா உடனே பட்டியலில் ஏற்றினார். எப்படி? 'நீர்நிலை சார்ந்த அசம்பாவிதம்.' கேட்டவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் பூ விற்கிற பெண்தான் சனிக்கிழமை காலையில் லேபிளைப் படித்துச் சொல்வாள். பாகூர்ப் பக்கத்துக் கதையில் தண்ணீர் இல்லாமல் இருக்குமா? ஏரியில் எருமை இறங்கினால் அசம்பாவிதம். வாய்க்காலில் செருப்புப் போனால் அசம்பாவிதம். குழாயடியில் குடம் உடைந்ததற்குக்கூட அதே லேபிளை ஒட்டினார்கள். பாவம், அந்த அம்மா பாதிக் கதைகளை வீணாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

பட்டியல் முப்பத்திரண்டைத் தொட்ட வாரம் என் முறை வந்தது. நான் ஒரு கடல் கதை கட்டியிருந்தேன். புதுசாகக் கல்யாணமான பெண் கரையில் காத்திருக்கிறாள், படகு வருகிறது, புருஷன் வரவில்லை. வயல்காட்டில் பிறந்த எனக்கு எதற்கு அந்தக் கதை என்று இன்றுவரை தெரியவில்லை. மீன்காரம்மாவை நினைத்துத்தான் கட்டினேன் என்று ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. அவர் கேட்க மாட்டார், அதுதான் லேபிள் இருக்கிறதே என்று தைரியம்.

ஒற்றை விரலால் அடிப்பதால் லேபிள் எழுத எனக்கு அரை நாள் ஆகும். அதனால் வெள்ளிக்கிழமையே எழுதி அனுப்பிவிட்டேன். முத்து முத்தாக ஒன்பது லேபிள், அசம்பாவிதமும் சேர்த்து. அன்று சாயங்காலம் 'காதல்' என்ற லேபிளைக் கல்யாணத்துக்கு முன், கல்யாணத்துக்குப் பின் என்று பிரிக்கலாமா என்று குழுவில் பெரிய சண்டை. என் ஒன்பது லேபிளும் அதற்கடியில் புதைந்துபோயின. சனிக்கிழமை நான் கதையை அனுப்பினேன். அன்று முகூர்த்த நாள். பூக்காரிக்குத் தலை தூக்க நேரமில்லை, எதையும் படித்துச் சொல்லவில்லை. தார்ப்பாய் மேல் போன் பாட்டுக்கு ஓடியது. மீன்காரம்மாவின் இரண்டு கையும் செதிலும் ரத்தமும். என் குரல் முழுக் கதையையும் சொல்லி முடித்தது.

அவரிடமிருந்து 'உம்' வரவில்லை. மறுநாள் அவர் குழுவை விட்டுப் போய்விட்டதாகப் போன் காட்டியது.

குழு பதறிவிட்டது. இரண்டு நாள் விவாதம். 'கடல்' தனியாகவும் 'ஏரி' தனியாகவும் இருந்திருக்க வேண்டுமா, அல்லது உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று பிரிப்பதா? அந்த அம்மாவுக்கு ஒரு போன் போட்டுப் பேசலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. டீச்சரம்மா எனக்குத் தனியாகச் சொன்னார்: "நீங்க லேபிள் கரெக்டாத்தான் போட்டிருக்கீங்க. உங்க மேல தப்பே இல்லம்மா." அந்தச் சான்றிதழை எந்தச் சுவரில் மாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை பஸ் ஏறித் தவளக்குப்பம் போனேன். மீன் வாங்குகிற மாதிரி நின்றேன். அவர் நிமிராமல் சங்கரா மீனைச் சீவிக்கொண்டிருந்தார்.

"இன்னா வோணும்?"

"நெத்திலி," என்றேன். எனக்கு நெத்திலி பிடிக்காது.

நிமிர்ந்து பார்த்தார். "அபிஷேகப்பாக்கத்து அக்காவா? நெத்திலிக்கா இம்மாந் தூரம் வந்தே?"

பூக்காரிதான் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "அது மீனுக்கு வரலக்கா. மூஞ்சப் பாரு, உப்புக்கண்டம் கணக்கா காஞ்சி கெடக்குது."

"லேபிள் போட்டேம்மா," என்றேன். முதல் வார்த்தையாக அதுவா வர வேண்டும்!

"லேபிளு," என்றார். அரிவாள்மனையில் ஒரு தலை விழுந்தது. "நான் இன்னா உங்கிட்ட சீட்டு எளுதியா கேட்டேன்? வாயால சொல்லுன்னேன். கதை வாயால சொல்றே, அத மட்டும் எளுத்துல எளுதி வெப்பியா? என் கையப் பாரு. இத்த வெச்சிக்கினு போனை எப்டி நிறுத்துவேன்? நீ சொல்லச் சொல்ல, நான் மீனை ஆய, எதிர்ல நாலு பேரு வாங்க நிக்கிறான். ஓடவா முடியும்?"

நான் அழுதுவிட்டேன். ஒருவர் அழுகை.

"அளுவாத. யாவாரம் கெடுது," என்றார். அடுத்த மீனை எடுத்தார். பிறகு அவருக்கே அடங்கவில்லை. "இன்னாக்கா கதை அது? சாயங்காலம் லாந்தர் வெச்சிக்கினு படகு போச்சாம்! எந்தக் காலத்துல இருக்கே? அந்தப் பொண்ணு தலை நெறைய பூ வெச்சிக்கினு கரையில குந்தியிருந்தாளாம். எங்களுக்கு இன்னா வேலவெட்டி இல்லியா? கூடையோட நிப்போம்க்கா. மீன் எறங்கினா மார்க்கெட்டுக்குத் தூக்கணும்ல? நானும் அன்னிக்குக் கூடையோடதான் நின்னேன்."

அதோடு நிறுத்திக்கொண்டார். "மீதியெல்லாம் என்னக் கேக்காத. வேற யாரையாவது கேட்டு ஒயுங்காச் சொல்லு. தப்பும் தவறுமா சொல்லாத, அதான் எனக்குக் கொமட்டுது."

"திரும்பக் குழுவுல சேருவியாம்மா?"

"கதைக்கு முன்னால வாயத் தொறந்து 'கடலு'ன்னு சொல்லு. அம்மாந்தான். சொல்லிட்டு, நான் கை கழுவிக்கினு போனை நிறுத்துற வரைக்கும் சும்மா இரு. ஒடனே ஆரம்பிச்சிடாத."

பூக்காரி தன் காய்ந்த கையால் அவர் போனை எடுத்தாள். அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி நான் குழுவில் கேட்டேன். சேர்த்துவிட்டார்கள். நடந்ததை டீச்சரம்மாவிடம் சொன்னேன். ரொம்ப உருக்கமாகக் கேட்டுக்கொண்டு, பட்டியலில் முப்பத்து மூன்றாவதாக 'கை கழுவும் இடைவெளி' என்று சேர்த்தார். அது எத்தனை வினாடி என்பது பற்றிக் குழுவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் அந்தக் கதையைத் திருத்தி மறுபடி சொல்லப் போகிறேன். முன்னால் 'கடல்' என்று வாயால் சொல்லிவிட்டு, இருபது எண்ணுவேன். லாந்தரையும் பூவையும் எடுத்துவிட்டேன், கூடையை வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் கடலோரத்தில் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். படகு எத்தனை மணிக்குக் கிளம்பும், ஒரு படகில் எத்தனை பேர் போவார்கள், வராத ஆளைத் தேடிக்கொண்டு யார் போவார்கள், அதுவரை கரையில் நிற்கும் பெண்கள் கூடையை என்ன செய்வார்கள். பூரணாங்குப்பத்து அம்மாவிடம் மட்டும் போய்க் கேட்டுவிடாதீர்கள்.